கடற் பதிவேட்டில் இல்லாதவர்கள்

ஒரு கப்பலைப்பற்றி உலகம் நெடுங்காலமாக மூன்று கேள்விகளைக் கேட்டு வருகிறது. அது இப்பொழுது எங்கே நிற்கிறது? அதன் நீளம், அகலம், கொள்ளளவு என்ன? எந்தத் துறையிலிருந்து புறப்பட்டது, எந்தெந்தத் துறைகளைத் தொட்டது? துறைமுகக் கந்தோரில் அமர்ந்திருக்கும் எழுதுவினைஞர் ஒருவர் கேட்கக்கூடிய சாதாரணக் கேள்விகள் இவை. ஆனால் இவற்றுக்குரிய விடைகளை யார் திரட்டினார்கள், யாருக்காகத் திரட்டினார்கள், யாருடைய பெயரை எழுதினார்கள், யாருடைய பெயரை எழுதாமல் விட்டார்கள் என்று பார்க்கத் தொடங்கினால், கடலின் சரித்திரம் வேறொரு முகத்தைக் காட்டுகிறது.

இன்று கோடீசுவரன் ஒருவனின் உல்லாசப் படகு எந்தக் கடலில் மிதந்தாலும், அதன் இருப்பிடத்தை வீட்டிலிருந்தபடியே ஒரு மாணவன் கண்டுகொள்ளலாம். படகின் பெயர், கொடி, நீள அகலம், வேகம், கடைசியாகத் தொட்ட துறை யாவும் கண்முன் வந்து நிற்கின்றன. விஞ்ஞானத்தின் வெற்றிதான் இது, ஐயமில்லை. ஆயினும், மட்டக்களப்புக்கு வடக்கேயுள்ள மாங்கேணிக் கரையிலிருந்து விடியுமுன் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு கடலிறங்கும் தொழிலாளி ஒருவன் எங்கே இருக்கிறான் என்பதை அதே சாதனம் சொல்வதில்லை. உல்லாசத்துக்குச் செல்பவன் கணக்கில் இருக்கிறான். உழைப்புக்குச் செல்பவன் கணக்கில் இல்லை. இந்த ஏற்றத்தாழ்வு நேற்றுத் தோன்றியதன்று. அதன் வேர்களைத் தேடிச் செல்வதே நம் நோக்கம்.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் பாதையில், வாழைச்சேனை கடந்து வடக்கே போனால் காயங்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேணிப் பெயர் கொண்ட ஊர்கள் வருகின்றன. ஒரு பக்கம் வங்கக் கடல். மறுபக்கம் களப்பும் காடும். காயா, மா, பனிச்சை என மரத்தின் பெயரோடு நன்னீர்க் கேணியைச் சேர்த்து ஊருக்குப் பெயரிட்ட மக்கள் இவர்கள். உப்புநீர் சூழ்ந்த மண்ணில் குடிதண்ணீர் கிடைக்கும் இடமே அவர்களுக்கு முதல் அடையாளமாயிற்று. பனிச்சங்காயின் துவர்ச்சாறு பருத்தி வலைகளுக்குச் சாயமூட்டி அவை இற்றுப்போகாமல் காத்ததென்பதும் நினைவுகொள்ளத்தக்கது. நைலோன் வலை வந்தபின் அந்த வேலை மறைந்தது. ஊர்ப் பெயரில் மட்டும் மரம் நிற்கிறது.

கடலில் தாம் நிற்கும் இடத்தை அறிவதற்கு இக்கரையோர மக்களிடம் ஒரு தெளிவான முறை உண்டு. கரையிலுள்ள உயர்ந்த மரமொன்றையும் அதற்குப் பின்னேயுள்ள குன்றையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள். வேறொரு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்களை அவ்வாறே சேர்த்துக்கொள்வார்கள். இரு கோடுகளும் சந்திக்கும் இடமே வலை விடும் இடம். மட்டக்களப்பின் மேற்கே எழும் குடும்பிமலை, கடலிலிருந்து நிலத்தை இனங்காண்பதற்கு உதவிய மலைகளுள் ஒன்று. நம் மக்கள் அதன் உச்சியிலே முடிந்த குடுமியைக் கண்டனர். அதே மலையை ஆங்கிலேயர் தம் படங்களிலே பரோன் ஒருவனின் தொப்பி என்று எழுதினர். மலை ஒன்று, கண்டவர்கள் இருவர். ஒருவர் கண்டது வாய்மொழியாகவே நின்றது. மற்றவர் கண்டது அச்சேறிக் கப்பற்படைகளின் கையிலே போயிற்று.

இந்த வேறுபாட்டை நாம் கருத்தூன்றிப் பார்க்க வேண்டும். சோழகம் எப்போது எழும், வாடை எப்போது திரும்பும், கச்சான் வீசும் நாளில் நீரோட்டம் எப்படியிருக்கும், ஆறாமீன் எந்த மாதத்தில் எந்த நேரத்தில் உதிக்கும் என்பவையெல்லாம் கரையோர உழைப்பாளியின் கடற் சாஸ்திரம். அது பலநூற்றாண்டு உழைப்பினால் பெறப்பட்ட அறிவு. ஆயினும் அந்த அறிவு பதிவேடு ஆகவில்லை. ஏனெனில் பதிவேடு என்பது அறிவு தாகத்தினால் மட்டும் பிறப்பதில்லை. சொத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியவனே பதிவேடு எழுதத் தொடங்குகிறான்.

இலண்டன் நகரில் லொயிட்ஸ் என்னும் காப்பிக்கடையின் சரித்திரம் இதற்குத் தக்க சான்று. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலே கப்பல் முதலாளிகளும் கப்பலுக்குக் காப்புறுதி செய்வோரும் கூடுமிடமாக அது இருந்தது. எந்தக் கப்பல் எந்தத் துறையைச் சேர்ந்தது, எது மூழ்கியது என்ற செய்திகள் அங்கே பணமாக மாறின. 1734-ம் ஆண்டு முதல் கப்பற் செய்திகளைத் தரும் லொயிட்ஸ் பத்திரிகை நடைபெற்றது. 1760-ல் ஏற்படுத்தப்பட்ட அமைப்பொன்று 1764-ல் கப்பல்களின் தரம், வயது, அளவு ஆகியவற்றை வரிசைப்படுத்திப் பதிவேடு வெளியிட்டது. அக்கால இலண்டன் காப்புறுதிக்காரர் ஆபிரிக்க மக்களை அடிமைகளாக ஏற்றிச்சென்ற கப்பல்களுக்கும் காப்புறுதி செய்தனர் என்பதை மறக்கலாகாது. மரக்கலம் எத்தனை தொன் என்று நுணுக்கமாக எழுதிய அந்தக் கைகளே, அதன் அடித்தளத்தில் விலங்கிடப்பட்டுக் கிடந்த மனிதரைச் சரக்கின் கணக்கிலே சேர்த்தன.

உல்லாசப் படகைக் குறிக்கும் ‘யாட்’ என்ற சொல்லின் பிறப்பும் கவனிக்கத்தக்கது. அது ஒல்லாந்த மொழிச் சொல். வேட்டை, துரத்துதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. விரைந்து ஓடவும், பகைவரைத் துரத்தவும், முன்னே சென்று வேவு பார்க்கவும் பயன்பட்ட சிறு கலங்களை ஒல்லாந்தர் அப்பெயரால் அழைத்தனர். ஒல்லாந்தரின் வருகை நமக்கு அந்நியமான செய்தியன்று. யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தத் தளபதி 1602-ம் ஆண்டு மே மாத இறுதியில் மட்டக்களப்புக் கரையை அடைந்தார். தாயகத்திலிருந்து அவர் மூன்று கப்பல்களோடு புறப்பட்டிருந்தார். செம்மறி, கடா, ஆட்டுக்குட்டி என்பன அவற்றின் பெயர்கள். பெயர் சாதுவானது, நாடி வந்ததோ கறுவாவும் மிளகும். 36 ஆண்டுகள் கழித்து, 1638 மே மாதத்தில், கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். எசமானர் மாறினர், கரையிலே வலையிழுத்தவனின் வாழ்வு மாறவில்லை.

1660-ல் இங்கிலாந்தின் மன்னனாக மீண்ட இரண்டாம் சார்ள்சுக்கு ஆம்ஸ்டர்டாம் நகரம் ‘மேரி’ என்ற யாட் ஒன்றைப் பரிசளித்தது. அடுத்த ஆண்டிலேயே மன்னனும் அவன் தம்பியும் தத்தம் படகுகளைத் தேம்ஸ் நதியிலே பந்தயம் விட்டனர். வேட்டைக் கலம் இவ்வாறு விளையாட்டுக் கலமாயிற்று. கீழைத் தேசங்களில் வேட்டை நடந்துகொண்டிருந்தமையாலேதான் மேற்கே விளையாட்டுக்குப் பணமும் ஓய்வும் கிடைத்தன என்று சொன்னால் அது மிகையாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இந்த விளையாட்டு எவ்வளவு வளர்ந்ததென்றால், 1878-ல் உல்லாசப் படகுகளுக்கென்றே லொயிட்ஸ் நிறுவனம் தனிப் பதிவேடு வெளியிட வேண்டியதாயிற்று.

அக்காலத்து உல்லாசக் கப்பல்களுள் புகழ்பெற்றது ‘சன்பீம்’ என்பது. 1874-ல் கட்டப்பட்டது, மூன்று பாய்மரங்களும் நீராவி இயந்திரமும் உடையது, 530 தொன்னுக்குச் சற்று மேற்பட்டது. உடைமையாளர் தோமஸ் பிராசி என்னும் பாராளுமன்ற உறுப்பினர். அதே பெயர்கொண்ட அவருடைய தந்தையார் இங்கிலாந்து, பிரான்சு, கனடா முதலிய பல நாடுகளிலே இருப்புப்பாதை அமைத்த மாபெரும் ஒப்பந்தகாரர். ஆயிரமாயிரம் கூலித் தொழிலாளர் மண்வெட்டி பிடித்து ஈட்டித்தந்த செல்வத்தின் மேலே அந்தக் கப்பல் மிதந்தது எனலாம். 1876 ஜூலையில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டு, உலகைச் சுற்றி, 1877 மே மாதம் அது வீடு திரும்பியது. சுமார் 35,000 மைல் ஓடிய அந்தப் பயணத்திலே இலங்கைத் துறைகளையும் அது தொட்டது. கப்பலில் இருந்தோர் 43 பேர். அவர்களில் உலகைப் பார்க்கச் சென்றோர் சிலர். பாயை விரித்தும் அடுப்பை எரித்தும் அச்சிலருக்கு உலகைக் காட்டியோர் பலர். பிராசியின் மனைவி அன்னா எழுதிய பயண நூல் 1878-ல் வெளிவந்து பெரும் புகழ் பெற்றது.

அந்த நூலை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. காற்றையும் கடலையும் கண்திறந்து பார்த்த ஒரு பெண்மணியின் எழுத்து அது. ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். ஓர் உல்லாசக் கப்பலின் ஓராண்டுப் பயணத்தை அக்காலத்திலேயே நாட்கணக்காகப் பின்தொடர முடிந்தது. இக்கரையிலே நூற்றாண்டுக்கணக்காகக் கடலோடிய மக்களின் ஒரே ஒரு பயணத்தைக்கூட அவ்வாறு பின்தொடர ஏடு கிடைப்பதரிது.

நம்மவர் கப்பல் ஒன்றும் இந்தப் பதிவேட்டு உலகத்துக்குள் ஒருமுறை நுழைந்தது. அது நுழைந்த விதமே நம் வாதத்துக்கு முக்கியமானது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறை கப்பல் கட்டுவதிலும் ஓட்டுவதிலும் பெயர்பெற்ற ஊர். அங்கிருந்து புறப்பட்ட பாய்க்கப்பல்கள் தென்னிந்தியத் துறைகளுக்கும் பர்மாவுக்கும் ஓடின. அரிசியும் தேக்கும் ஓடும் ஏற்றி வந்தன. வங்கக் கடலின் இந்தக் கிழக்குக் கரைக்கும் அவை அந்நியமானவை அல்ல. இவ்வாறான கப்பல் ஒன்று 1930-ம் ஆண்டிலே அவ்வூரிற் கட்டப்பட்டது. அதன் பெயர் அன்னபூரணி. நீளம் 89 அடி, அகலம் 19 அடி, பாய்மரம் இரண்டு, உடல் வேப்பமரம். வேம்பின் கசப்பு மரந்துளைக்கும் பூச்சிகளுக்கு ஒவ்வாது. இதை எந்தக் கல்லூரியிலும் கற்காமல் கற்றவர்கள் அதைக் கட்டிய மேத்திரிமார். வழிவழியாக வந்த அளவுமுறையே அவர்களின் பொறியியல்.

வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் அக்காலத்துப் புகழ்பெற்ற கடலோடி. 1928-ல் புறப்பட்டு 1931-ல் முடித்த பயணத்திலே, ‘ஸ்வாப்’ என்னும் முப்பத்திரண்டடிச் சிறு படகில் உலகைச் சுற்றி வந்தவர். பின்னர் 1934-ல் கலாபகஸ் தீவுகளிலே குடல்வால் அழற்சியினால் உயிருக்குப் போராடிக் காப்பாற்றப்பட்டார். அந்தப் படகையும் இழந்தார். அவர் அன்னபூரணியைக் கண்டார், விரும்பினார், விலைக்கு வாங்கினார். கப்பலின் பெயர் ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்று மாற்றப்பட்டது. அது அவருடைய அப்போதைய மனைவியின் பெயர். பெயரின் நடுவிலுள்ள ‘சி’ என்பது கிரேன் என்னும் குடும்பப் பெயரைக் குறிக்கும். சிக்காக்கோ நகரிலே குழாய்களும் வால்வுகளும் செய்யும் பெருந்தொழிற்சாலையால் செல்வம் பெருக்கிய குடும்பம் அது.

பெயர்மாற்றம் சிறிய விஷயமல்லவா என்று சிலர் கேட்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. அன்னபூரணி என்பது சோறிடும் தாயின் பெயர். பசித்த வாய்களுக்கு அரிசி சுமந்து வந்த கப்பலுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் வேறில்லை. அதே மரமும் அதே பாயும், கைமாறிய அன்றே, ஒரு செல்வக் குடும்பத்துப் பெண்ணின் பெயரைச் சுமந்துகொண்டன. சமூகத்துக்குப் பயன்பட்ட ஒரு பொருள் தனியொருவரின் இன்பத்துக்குரிய பொருளாக மாறுவதன் முழு வரலாறும் அந்தப் பின்னணியப் பலகையிலே எழுதப்பட்டிருந்தது.

கப்பலை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றவர்கள் வல்வெட்டித்துறை மாலுமிகள். தண்டையல் தம்பிப்பிள்ளை அவர்களின் தலைவர். இந்து சமுத்திரத்தைக் கடந்து, சுயெஸ் கால்வாய் வழியே மத்தியதரைக் கடலுட் புகுந்து, ஜிப்ரோல்ட்டர் நீரிணையைத் தாண்டி, அத்லாந்திக் சமுத்திரத்தைக் கடந்து, 1938 ஆகஸ்டு மாதத்திலே மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறையை அது சேர்ந்தது. குளோஸ்டர் அமெரிக்க மீனவர்களின் பழம்பெருந் துறை. பாய்க்கப்பலை நன்கறிந்த அந்த மக்கள் நடுவே, வடமராட்சியிற் கட்டிய கப்பலொன்று வடமராட்சி மாலுமிகளோடு வந்து நங்கூரம் இட்டது. அமெரிக்கப் பத்திரிகைகள் அதைச் செய்தியாக வெளியிட்டன.

அந்தச் சாதனையை நினைத்து நாம் பெருமை கொள்ளலாம், கொள்ளவும் வேண்டும். ஆனால் வெறும் பெருமையோடு நின்றுவிட்டால் சரித்திரத்தைப் படித்தவர்கள் ஆகமாட்டோம். அன்னபூரணி அதுவரை எத்தனை முறை அரிசி ஏற்றி வந்தாள், எந்தெந்தத் துறைகளைத் தொட்டாள், எத்தனை புயல்களைக் கண்டாள் என்பதை எடுத்துக்காட்டப் புகழ்பெற்ற நூல் ஒன்றுமில்லை. அமெரிக்கச் செல்வர் ஒருவர் வாங்கிய பிறகே அவளுடைய நீள அகலங்கள் உலகச் செய்தி ஆயின. கப்பல் மாறவில்லை, கட்டியவர்கள் மாறவில்லை, ஓட்டியவர்களும் மாறவில்லை. உடைமையாளர் மட்டுமே மாறினார். சரித்திரத்தின் வெளிச்சம் கப்பலின் மேல் விழுந்ததற்கு அந்த ஒரு மாற்றமே போதுமாயிருந்தது. அதே காலத்திலே நீராவிக் கப்பல்களின் போட்டியால் வல்வெட்டித்துறையின் பாய்க்கப்பல் வாணிபம் தேய்ந்து வந்தது. தொழில் மங்கும் வேளையில் அதன் சிறந்த படைப்பொன்று வினோதப் பொருளாகக் கடல் கடந்து போனதில் ஒரு சோகமும் உண்டு.

இருப்பிடத்தை அறிதல் என்பது வெறும் வேடிக்கைச் செய்தியன்று, அது அதிகாரம். இதை மட்டக்களப்புக் கடல் 1942-ம் ஆண்டிலே நேராகக் கண்டது. ஏப்ரல் 5-ந் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9-ந் திகதி திருகோணமலையைத் தாக்கின. தாக்குதலுக்கு அஞ்சித் திருகோணமலையை விட்டுத் தெற்கே நகர்ந்திருந்த ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் யப்பானிய வேவு விமானத்தின் கண்ணிற் பட்டது. அதன் மேலே அப்போது ஒரு விமானமும் இல்லை. சில மணி நேரத்துக்குள் மட்டக்களப்புக்கு அப்பால் அது மூழ்கடிக்கப்பட்டது. 307 பேர் மாண்டனர். துணைவந்த அவுஸ்திரேலியப் போர்க்கப்பல் ‘வம்பயர்’, எண்ணெய்க்கப்பல் ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ முதலியனவும் அன்றே மூழ்கின. இரு ஏகாதிபத்தியங்கள் ஒன்றையொன்று தேடிய வேட்டையில் நம் கடல் களமாயிற்று. கப்பல் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டதே அதன் முடிவுக்குப் போதுமாயிருந்தது.

இனி நம் காலத்துக்கு வருவோம். கப்பல்கள் தம் இருப்பிடத்தைத் தாமே வானொலியில் ஒலிபரப்பும் தானியங்கி அடையாள முறை ஒன்று இன்று நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒன்பது இலக்கங்கொண்ட எண் ஒன்று உண்டு. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். இலங்கைக்குரியது 417, இந்தியாவுக்குரியது 419. ஓடிக்கொண்டிருக்கும் பெரிய கப்பல் சில விநாடிகளுக்கு ஒருமுறை தன் இடத்தையும் வேகத்தையும் திசையையும் அறிவிக்கிறது. பெயர், நீள அகலம், நீரில் அமிழும் ஆழம், செல்லும் துறை ஆகியவற்றை ஆறு நிமிடங்களுக்கு ஒருமுறை சொல்கிறது. கரையிலுள்ள ஏற்பிகளும் விண்ணிலுள்ள செய்மதிகளும் அவற்றைத் திரட்டுகின்றன. கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பதற்கென்று பிறந்த இம்முறை, உல்லாசப் படகுகளின் போக்குவரவைப் பார்த்துப் பொழுதுபோக்குவோருக்கும் விருந்தாயிற்று.

சர்வதேசக் கடல்வழிகளில் ஓடும் 300 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் யாவும் இந்தச் சாதனத்தைப் பொருத்திக்கொள்ள வேண்டுமென்று விதிக்கப்பட்ட இறுதி நாள் 2004 டிசம்பர் 31. அந்தத் திகதிக்கு ஐந்து நாள் முன்னே, டிசம்பர் 26 காலை, சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்தது. ஹவாய்த் தீவிலுள்ள பசிபிக் எச்சரிக்கை நிலையம் அதிர்ச்சியை உடனே பதிவு செய்தது; பசிபிக் நாடுகளுக்கு ஆபத்தில்லை என்று பதினைந்து நிமிட நேரத்தில் அறிவித்தது. அலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்திலே வாகரைக்கோ மாங்கேணிக்கோ கல்லாற்றுக்கோ ஓர் எச்சரிக்கையும் வரவில்லை. இந்து சமுத்திரத்துக்கு அத்தகைய எச்சரிக்கை அமைப்பே அன்று கிடையாது. பசிபிக்கில் அது 1949 முதல் இயங்கி வந்தது. இலங்கையில் மட்டும் 30,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இவ்விரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்க்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். மூலதனம் மிதக்கும் கலங்களை விநாடிக்கு விநாடி பின்தொடரும் ஆற்றல் உலகத்திடம் இருந்தது. விநாடிக்கு விநாடி நெருங்கி வந்த அலையை, வாடியிலே உறங்கியவனுக்கும் கரைவலை இழுத்தவனுக்கும் சொல்லும் ஏற்பாடு இல்லை. விஞ்ஞானம் போதாமையால் நேர்ந்த மரணமன்று அது. விஞ்ஞானம் யாருக்கு வேலை செய்ய வேண்டும் என்ற முடிவினால் நேர்ந்த மரணம். அத்தனை உயிர்கள் போன பின்னரே இந்து சமுத்திரத்துக்கும் எச்சரிக்கை அமைப்பு உண்டாக்கப்பட்டது.

பதிவேட்டின் வெளிச்சம் செல்வனையும் முழுமையாகக் காட்டுவதில்லை என்பது இன்னொரு வேடிக்கை. ‘அமாடியா’ என்னும் உல்லாசக் கப்பல் 106 மீற்றர் நீளமுள்ளது; அதாவது ஏறத்தாழ நான்கு அன்னபூரணிகளின் நீளம். 2022-ம் ஆண்டு பிஜித் தீவின் லௌற்றோக்காத் துறையிலே அமெரிக்க அரசின் வேண்டுகோளின்படி அது கைப்பற்றப்பட்டது. தடை விதிக்கப்பட்ட உருசியச் செல்வர் ஒருவருக்குரியது என்று அமெரிக்கா கூறியது. இல்லை, எனக்குரியது என்று வேறொரு செல்வர் வழக்காடினார். கப்பல் பறக்கவிட்டிருந்ததோ கேமன் தீவுகளின் கொடி. அதன் இருப்பிடம் உலகுக்குத் தெரியும், அளவு தெரியும், தொட்ட துறைகள் தெரியும். உடைமையாளர் யார் என்பதை மட்டும் நீதிமன்றத்திலே வாதாடித் தீர்க்க வேண்டியிருந்தது. கப்பலை வெளிச்சத்தில் நிறுத்தி, உடைமையை நிழலில் மறைப்பதற்கென்றே உண்டானவைதாம் இத்தகைய வசதிக் கொடிகளும் பெயரளவிலான கம்பனிகளும்.

ஏழை கண்காணிக்கப்படுவதே இல்லையா என்று கேட்கலாம். கண்காணிக்கப்படுகிறான், ஆனால் வேறுவிதமாக. யுத்த காலத்திலே கிழக்குக் கரை மீனவர் கடலில் இறங்குவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. எந்த நேரத்தில் போகலாம், எவ்வளவு தூரம் போகலாம் என்பதைத் துப்பாக்கி தீர்மானித்தது. 2006-ன் இறுதியிலும் 2007-ன் தொடக்கத்திலும் வாகரைப் பிரதேசத்து மக்கள் போரினால் வீட்டையும் வள்ளத்தையும் விட்டு ஓடினர். யுத்தம் முடிந்தபின் வேறொரு கண்காணிப்பு வந்தது. இலங்கை மீனை ஐரோப்பிய ஒன்றியம் 2015-ல் தடைசெய்து 2016-ல் அனுமதித்தது. அந்தத் தடையை நீக்குவிப்பதற்காக, ஆழ்கடலிற் பலநாள் தங்கித் தொழில் செய்யும் படகுகளுக்கு இருப்பிடங்காட்டும் கருவிகள் பொருத்தப்பட்டன. மீன்வளத்தைக் காப்பதற்கு இது வேண்டியதே. ஆனால் கருவி காட்டுவது எதை? படகு எல்லை தாண்டியதா என்பதை. படகிலுள்ளவன் கடன்பட்டிருக்கிறானா, பங்கு ஒழுங்காகப் பெற்றானா, நோயுற்றிருக்கிறானா என்பதை எந்தக் கருவியும் காட்டுவதில்லை. செல்வனின் இருப்பிடம் அவனது பெருமை. ஏழையின் இருப்பிடம் அவன் மீதான சாட்சி.

இவ்வளவும் சொல்வதால் நாம் கருவிகளுக்குப் பகைவர் என்று எவரும் எண்ணவேண்டாம். கருவி பொதுவானது, அது யாருடைய கையிலே இருக்கிறது என்பதே கேள்வி. மாங்கேணியின் சிறு வள்ளத்துக்கும் மலிவான அடையாளக் கருவி வேண்டும்; இயந்திரம் நின்றுபோய் நீரோட்டத்தில் இழுபடுகிறவனைத் தேடிக் கண்டுபிடிப்பதற்காக. அது அபராதம் விதிப்போரின் ஏவலில் இராமல், மீனவர் சங்கங்களின் பொறுப்பில் இருக்க வேண்டும். புயலும் அலையும் வரும்போது கடைசி வாடி வரைக்கும் எச்சரிக்கை தமிழிற் சென்று சேர வேண்டும். உல்லாசக் கப்பலின் பாதுகாப்புக்கு உலகம் செலவிட்ட அக்கறையில் ஒரு பங்கையாவது உழைப்பவனின் உயிர் கேட்கக்கூடாதா?

சரித்திரம் எழுதுவோருக்கும் இதிலே ஒரு கடமை உண்டு. குறிப்பாக ஆசிரியர்களையும் மாணவர்களையும் நோக்கி இதைச் சொல்கிறோம். வாழைச்சேனையிலிருந்து வெருகல் வரையுள்ள ஒவ்வொரு கரையூரிலும், வள்ளம் கட்டியவர் யார், எந்த மரத்தாற் கட்டினார், எந்தக் காற்றில் எந்தத் துறைக்குப் போனார்கள், எந்த மலையையும் எந்த மரத்தையும் குறியாக வைத்து வலை விட்டார்கள் என்று சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுள் பலர் புயலையும் யுத்தத்தையும் ஆழிப்பேரலையையும் கடந்து எஞ்சியவர்கள். அவர்கள் போய்விட்டால் அந்த ஏடும் போய்விடும். ஒரு பள்ளிக்கூட வகுப்பு ஒரு தவணைக் காலத்திலே ஓர் ஊரின் கடற் பதிவேட்டை எழுதிவிட முடியும்: வள்ளத்தின் பெயர், நீளம், அகலம், மரம், கட்டியவர், ஓட்டியவர், தொட்ட துறைகள், திரும்பாதவர்களின் பெயர்கள்.

லொயிட்ஸ் பதிவேட்டிலே உள்ள அதே பத்திகள்தாம் இவை. ஒன்று மட்டும் புதியது. திரும்பாதவரின் பெயருக்கு அங்கே இடமளிப்பது யாருக்கும் இலாபந்தரும் காரியமாக இருக்கவில்லை. நமக்கோ அந்த ஒரு பத்தியே சரித்திரம்.